மாத்திரையை நிறுத்தலாமா?



சென்ற இதழில் சர்க்கரை வியாதியைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் காப்பார் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விட்டுவிடுகிறேன். கடிதத்தின் சாரம் இதுதான்:

"என் வீட்டுக்காரருக்கு 51 வயது. தோட்டத்தில் மண்டோர் வேலை. சர்க்கரையும் உண்டு. போன வருடம் இரத்தம் எடுத்துப் பார்த்ததில் கொலஸ்ட்ரோல் 6.9 என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். இப்போது 4.8-க்கு இறங்கிவிட்டது. 'எண்தான் இறங்கிவிட்டதே, இனி மாத்திரை எதற்கு? விடாமல் தின்றால் ஈரல் கெட்டுப்போகும்' என்று அக்கம்பக்கத்தில் எல்லாரும் சொல்கிறார்கள். நிறுத்தலாமா, ஐயா?"

சகோதரி, இதே கேள்வியை என்னிடம் முன்பும் ஒருவர் கேட்டார். அன்று நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் அக்காவின் கணவர், என் மச்சான், கிள்ளானில் இருக்கிறார். துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். கையும் காலும் மெலிந்திருக்கும். தொந்தி மட்டும் கொஞ்சம் முன்னால் நிற்கும். எட்டு வருடமாகச் சர்க்கரை. அவருடைய கொலஸ்ட்ரோல் 6.8 என்று வந்தது. மாத்திரை சாப்பிட்ட சில மாதங்களில் 4.7-க்கு இறங்கியது. தீபாவளிக்கு வந்திருந்தபோது அந்தக் காகிதத்தை என்னிடம் காட்டினார்.

"வாத்தியாரே, பாத்தீங்களா? இரத்தம் சுத்தமாயிடுச்சு. இனிமே மாத்திரையை விட்டுடலாம்தானே?"

நான் காகிதத்தை ஒரு பார்வை பார்த்தேன். மேலே இருந்த மொத்த எண்ணை மட்டும்தான் பார்த்தேன். "ஆமாம் மச்சான், நார்மலாகத்தான் இருக்கிறது" என்றேன். அந்த ஒரு வார்த்தை அவருக்குப் போதுமானதாக இருந்தது. படித்தவன் சொல்லிவிட்டான் அல்லவா!

அடுத்து வந்த தைப்பூசத்துக்கு, வழக்கம்போல் பத்துமலையில் 272 படிகளையும் ஏறி இறங்கினார். "மாத்திரை இல்லாமலே ஏறிட்டேன், பாத்தீங்களா!" என்று சிரித்தார். மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஒரு நாள் விடியற்காலையில் நெஞ்சை அடைத்தது. வாயு என்று நினைத்து அக்கா கோடாலித் தைலம் தேய்த்து, இஞ்சித் தண்ணீர் வைத்துக் கொடுத்திருக்கிறாள். வேர்த்துக் கொட்டி, இடது கை மரத்துப்போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். அதற்குள் மூன்று மணி நேரம் போய்விட்டது.

உயிர் பிழைத்தார். இருதயக் குழாயில் வலைக்குழாய் வைத்தார்கள். ஆனால் அந்த மூன்று மணி நேரத்தில் இருதயத் தசையில் ஒரு பகுதி செத்துப்போயிற்று. மாத்திரையை நிறுத்தியதால்தான் இது வந்தது என்று யாராலும் சத்தியம் செய்து சொல்ல முடியாது. டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அன்றைய பரிசோதனையில் அவருடைய கொலஸ்ட்ரோல் திரும்பவும் 6.6-இல் இருந்தது.

நான் டாக்டர் அல்லன். தோட்டத்துப் பள்ளிக்கூட ஆசிரியன். ஆனால் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு இந்த விஷயத்தை ஒரு மாணவனைப் போல உட்கார்ந்து படித்தேன். புரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

போகும் லோரி, திரும்பும் லோரி

கொலஸ்ட்ரோல் என்பது விஷமல்ல. உடம்பில் ஒவ்வோர் அணுவின் சுவருக்கும் அது வேண்டும். சில முக்கியமான சுரப்புநீர்களும் பித்தநீரும் அதிலிருந்துதான் உண்டாகின்றன. நாம் உண்ணும் உணவிலிருந்து வருவது சிறு பகுதியே. பெரும்பகுதியை நம் உடம்பே தயாரித்துக்கொள்கிறது. அதில் ஈரலுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒல்லியாக இருப்பவருக்கும், சைவம் சாப்பிடுபவருக்கும்கூட அது ஏறுவதற்கு இதுதான் காரணம்.

எண்ணெய் தண்ணீரில் கரையாது. கொலஸ்ட்ரோலும் இரத்தத்தில் கரையாது. ஆகவே அதை ஏற்றிச் செல்ல வண்டி வேண்டும். எல்.டி.எல். என்பது சரக்கை ஏற்றிக்கொண்டு உடம்பு முழுவதும் போகிற லோரி. எச்.டி.எல். என்பது மிஞ்சிய சரக்கைத் திரும்ப ஈரலுக்குக் கொண்டுவருகிற லோரி. போகிற லோரிகள் சாலையில் அளவுக்கு மேல் பெருகினால் சரக்கு வழியோரத்தில் இறங்கிவிடுகிறது. முதலாவதைக் கெட்டது என்றும், இரண்டாவதை நல்லது என்றும் சொல்வது இதனால்தான்.

சரி, போகிற லோரிகள் சாலையை விட்டு எப்படி விலகுகின்றன? ஈரலின் மேற்பரப்பில் அவற்றைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் வாசல்கள் இருக்கின்றன. இதைக் கண்டுபிடித்தவர்கள் மைக்கேல் பிரௌன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்ற இரு அமெரிக்க டாக்டர்கள். அதற்காக அவர்களுக்கு 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. வாசல்கள் நிறையத் திறந்திருந்தால் எல்.டி.எல். குறையும், வாசல்கள் குறைந்தால் ஏறும். சிலருக்குப் பிறவியிலேயே வாசல்கள் குறைவு. அப்படிப்பட்ட குடும்பங்களில் முப்பது, நாற்பது வயதிலேயே மாரடைப்பு வருவதுண்டு.

ஆகவே கொலஸ்ட்ரோல் என்பது நாள்தோறும் நடக்கிற ஒரு வரவு செலவுக் கணக்கு. காய்ச்சலைப் போல வந்து போகிற நோயல்ல. காய்ச்சல் இறங்கினால் மருந்தை நிறுத்தலாம். இந்தக் கணக்கு ஆயுள் முழுவதும் ஓடிக்கொண்டே இருக்கும்.

குழாயின் சுவருக்குள்ளே நடப்பது

அடுப்படித் தண்ணீர்க் குழாயில் எண்ணெய்ப் பிசுக்குப் படிந்து அடைத்துக்கொள்வதைப் போலத்தான் இரத்தக் குழாயும் அடைபடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மை அதுவல்ல. கொழுப்பு குழாயின் உட்புறத்தில் படிவதில்லை. சுவருக்கு உள்ளேயே புகுந்து தங்குகிறது. அதை அப்புறப்படுத்த வெள்ளணுக்கள் வருகின்றன. கொழுப்பைத் தின்று தின்று அவையும் வீங்கி அங்கேயே மடிகின்றன. அந்த இடம் புண்ணாகி, மேலே மெல்லிய தோல் மூடி, சுவர் தடித்துக்கொண்டே போகிறது. உள்ளே சீழ் வைத்த கட்டியைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை நடந்தும் வலிக்காது. இரத்தம் ஓட இடம் இருக்கிற வரையில் ஓர் அறிகுறியும் தெரியாது. பிறகு ஒரு நாள் அந்த மெல்லிய தோல் வெடிக்கிறது. பால்மரம் வெட்டியவர்களுக்கு இது எளிதில் புரியும். பட்டையில் கத்தி பட்டால் பால் வடிகிறது. சற்று நேரத்தில் அந்தப் பாலே உறைந்து வெட்டின கோட்டை மூடிக்கொள்கிறது. மரம் தன் காயத்தை ஆற்றிக்கொள்ளும் வழி அது. நம் இரத்தமும் அதே வேலையைத்தான் செய்கிறது. உள்ளே வெடித்த இடத்தைக் காயம் என்று எண்ணி அதன்மேல் உறைகிறது. இருதயத்தின் குழாயோ சில மில்லிமீட்டர் அகலம்தான். உறைந்த கட்டி அதை அடைத்துவிட்டால் அதுவே மாரடைப்பு. மூளைக்குப் போகும் குழாயில் நடந்தால் பக்கவாதம்.

தைப்பூசத்தன்று மச்சான் படி ஏறியது இப்படித்தான். அன்று குழாயில் இடம் இருந்தது. ஆனால் சுவருக்குள் கட்டி இருந்தது. 'படி ஏற முடிகிறது, ஆகவே எனக்கு ஒன்றுமில்லை' என்ற கணக்கு தப்பான கணக்கு.

இது வயதானவர்களின் நோய் என்றும் எண்ணிவிடாதீர்கள். கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கப் போர்வீரர்களின் இருதயங்களைப் பரிசோதித்து 1953-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களுடைய சராசரி வயது 22. நூற்றுக்கு 77 பேருக்கு இருதயக் குழாய்ச் சுவரில் நோயின் அடையாளம் தெரிந்தது. நல்ல திடகாத்திரமான இளைஞர்கள்! விதை இளமையில் விழுகிறது; ஐம்பதில்தான் நம் கண்ணில் படுகிறது.

நம்மவர்களுக்கு ஏன் அதிகம்?

டாக்டர் டி. ஜே. தனராஜ் என்ற பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவைக் கட்டி எழுப்பிய முதல் தலைவர் அவர். அதற்கு முன்பு சிங்கப்பூரில் இருந்தபோது, அவரும் உடன் உழைத்தவர்களும் பிரேதப் பரிசோதனை ஏடுகளை இனவாரியாகப் பிரித்து எண்ணிப் பார்த்தார்கள். அதன் முடிவு 1959-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வெளிவந்தது. இருதயக் குழாய் நோய் சீனர்களைவிட இந்தியர்களிடம் ஏறக்குறைய ஏழு மடங்கு அதிகமாக இருந்தது! ஒரே ஊர், ஒரே தண்ணீர், ஒரே வெயில். அப்படியிருந்தும் இவ்வளவு வித்தியாசம்.

அதற்குப் பிறகு உலகின் பல பாகங்களில் குடியேறிய இந்தியர்களிடமும் இதே நிலை காணப்பட்டது. கேரளத்தில் பிறந்து கனடாவில் பணிபுரியும் டாக்டர் சலீம் யூசுப் 52 நாடுகளில் நடத்திய பெரிய ஆராய்ச்சி 2004-இல் வெளிவந்தது. புகைபிடித்தல், சர்க்கரை, இரத்த அழுத்தம், தொந்தி, மனக்கவலை, கெட்ட கொழுப்புக்கும் நல்ல கொழுப்புக்கும் உள்ள விகிதம் முதலிய ஒன்பது காரணங்களைக் கொண்டே பெரும்பாலான முதல் மாரடைப்புகளை விளக்கிவிடலாம் என்று அது காட்டியது. அவற்றுள் மிக வலுவாக நின்ற இரண்டு, அந்த விகிதமும் புகைபிடித்தலும். அதே ஆராய்ச்சியிலிருந்து 2007-இல் வந்த மற்றொரு கட்டுரை, தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதிலும், மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59 வயதிலும் வருவதாகச் சொல்கிறது. ஆறு வருடம் முந்துகிறது. பிள்ளைகள் படிப்பை முடித்திராத வயது அது.

இதை விதி என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. அந்த ஒன்பதில் பெரும்பாலானவை நாம் மாற்றக்கூடியவை. நம்மவர்களிடம் பொதுவாகக் காணப்படுவது என்னவென்றால், மொத்த எண் அவ்வளவு உயரமாக இருக்காது. ஆனால் நல்ல கொழுப்புக் குறைந்தும், டிரைகிளிசரைட் என்ற மற்றொரு கொழுப்பு ஏறியும் இருக்கும். கூடவே தொந்தியும் சர்க்கரையும் சேர்ந்துவிடும். மொத்தத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். நான் ஏமாந்தது அங்கேதான்.

நம் நாட்டு நிலையையும் பாருங்கள். 2019-இல் சுகாதார அமைச்சு எடுத்த கணக்கில் நூற்றுக்கு 38 பெரியவர்களுக்குக் கொலஸ்ட்ரோல் அதிகமாக இருந்தது. அவர்களில் 24 பேருக்கு மேல், அன்று இரத்தம் எடுத்துப் பார்க்கும் வரையில் அது தங்களுக்கு இருப்பதே தெரியாதவர்கள். 2023-ஆம் ஆண்டுக் கணக்கிலும் மூன்றில் ஒருவருக்கு அதிகம்.

காகிதத்தைப் படிப்பது எப்படி?

பரிசோதனைக் காகிதத்தில் நான்கு எண்கள் இருக்கும். நம் நாட்டில் மில்லிமோல் கணக்கில் போடுவார்கள்.

மொத்தக் கொலஸ்ட்ரோல்: 5.2-க்குக் கீழே இருப்பது நல்லது. தமிழ்நாட்டில் எடுத்தால் இதையே 200 என்று எழுதுவார்கள். கணக்கு முறைதான் வேறு.

எச்.டி.எல்., அதாவது நல்லது: ஆண்களுக்கு 1.0-க்கு மேலும், பெண்களுக்கு 1.2-க்கு மேலும் இருக்கவேண்டும்.

டிரைகிளிசரைட்: 1.7-க்குக் கீழே இருக்கவேண்டும். சர்க்கரை, சோறு, இனிப்புப் பானம், மது ஆகியவை இதை ஏற்றும்.

எல்.டி.எல்., அதாவது கெட்டது: இதற்கு எல்லாருக்கும் பொதுவான ஓர் எண் கிடையாது. வேறு கோளாறு எதுவும் இல்லாதவருக்கு 3.0-க்குக் கீழே இருந்தால் போதும். சர்க்கரை உள்ளவருக்கு அதைவிடக் குறைய வேண்டும். ஒருமுறை மாரடைப்பு வந்தவருக்கு 1.4-க்குக் கீழே கொண்டுவரப் பார்க்கிறார்கள்.

இப்போது மச்சானின் காகிதத்துக்கு வருவோம். மொத்தம் 4.7. பார்க்க அழகான எண். ஆனால் அதன் கீழே எல்.டி.எல். 2.9 என்றும் எச்.டி.எல். 0.9 என்றும் இருந்தன. எட்டு வருடச் சர்க்கரைக்காரருக்கு அந்த 2.9 அதிகம், அந்த 0.9 குறைவு. உண்மையில் அவருக்கு மாத்திரையை இன்னும் கூட்டியிருக்க வேண்டுமோ என்னவோ! நானோ நார்மல் என்று சொல்லி அனுப்பினேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நல்ல கொழுப்பு உயர்ந்திருக்கிறது என்று கெட்ட கொழுப்பைக் கவனிக்காமல் விடக்கூடாது. நல்லதை உயர்த்துவதற்கென்றே மருந்துகள் செய்து பார்த்தார்கள். பெரிய பயன் கிடைக்கவில்லை. கெட்டதைக் குறைத்தால் பயன் உண்டு என்பதுதான் பல முறை உறுதியாகியிருக்கிறது.

அரிசிப் பூஞ்சையில் பிறந்த மருந்து

இந்த மாத்திரைக்கு ஸ்டாட்டின் என்று பொதுப் பெயர். சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின் என்று உங்கள் மருந்துப் பையில் எழுதியிருக்கும். ஜப்பானைச் சேர்ந்த அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி ஏறக்குறைய 6,000 வகைப் பூஞ்சைகளைச் சோதித்துப் பார்த்தார். கடைசியில் 1973-இல், கியோத்தோ நகரத்துத் தானியக் கடை அரிசியில் பூத்திருந்த நீலப்பச்சைப் பூஞ்சையில், இவ்வகை மருந்துகளில் முதலாவதைக் கண்டுபிடித்தார். இந்த வகையில் 1987-இல் ஒரு மாத்திரை முதன்முதலாக விற்பனைக்கு வந்தது.

அது செய்யும் வேலை எளிமையானது. ஈரலில் கொலஸ்ட்ரோல் தயாராகும் பட்டறையின் ஒரு கதவைச் சாத்துகிறது. ஈரலுக்குச் சரக்குப் பற்றாக்குறை வருகிறது. உடனே அது தன் வாசல்களை அதிகமாகத் திறந்து, சாலையில் போகும் எல்.டி.எல். லோரிகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இரத்தத்தில் எண் இறங்குகிறது.

மாத்திரையை நிறுத்தினால் பட்டறை மறுபடியும் முழு வேகத்தில் ஓடும், வாசல்கள் குறையும், சில வாரங்களில் பழைய எண்ணே வந்து நிற்கும். எண் இறங்கியிருப்பது மாத்திரை வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி. நோய் போய்விட்டது என்பதற்குச் சாட்சியல்ல. மழையில் குடை பிடித்திருக்கிறோம். 'நனையவில்லையே, குடை எதற்கு?' என்று மடக்கினால் என்ன ஆகும்?

பயன் எவ்வளவு என்று கேட்பீர்கள். வட ஐரோப்பிய நாடுகளில் முன்பே இருதய நோய் கண்ட 4,444 பேருக்கு, பாதிப் பேருக்கு இந்த மாத்திரையும் மீதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரையும் கொடுத்து ஐந்து வருடத்துக்கு மேல் கவனித்தார்கள். முடிவு 1994-இல் வெளிவந்தது. மருந்து சாப்பிட்டவர்களிடம் மரணம் 30 விழுக்காடு குறைந்திருந்தது.

அடுத்து, ஈரல் கெடுமா என்ற பயம். இரத்தப் பரிசோதனையில் ஈரல் எண் சிலருக்குச் சற்று ஏறுவதுண்டு. கடுமையான கேடு மிக மிக அரிது. சிலருக்கு இரத்தச் சர்க்கரை கொஞ்சம் ஏறலாம். அப்படியும் இருதயத்துக்குக் கிடைக்கும் நன்மையே பெரிது என்பது டாக்டர்களின் முடிவு. தசைவலி வரலாம் என்பதும் உண்மை. ஆனால் 2020-இல் இங்கிலாந்திலிருந்து வந்த ஓர் ஆராய்ச்சி சுவையானது. உபாதை தாங்காமல் இம்மாத்திரையை நிறுத்திய 60 பேருக்குச் சில மாதங்கள் உண்மை மாத்திரையும், சில மாதங்கள் பொய் மாத்திரையும், சில மாதங்கள் ஒன்றுமே இல்லாமலும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். உண்மை மாத்திரையில் அவர்கள் உணர்ந்த தொந்தரவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு பொய் மாத்திரையிலும் இருந்தது! பயமே வலியாக வருகிறது.

அதற்காக வலியைப் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம். தசை கடுமையாக வலித்தாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு மாத்திரைக்கு மாற்றலாம். கர்ப்பமாக இருக்கும் பெண்களும், குழந்தைக்கு எதிர்பார்த்திருப்பவர்களும் கட்டாயம் டாக்டரிடம் சொல்லவேண்டும். மாற்றுவது டாக்டரின் பொறுப்பு. பக்கத்து வீட்டுக்காரரோ, என்னைப் போன்ற வாத்தியாரோ தீர்மானிக்கிற காரியமல்ல.

அடுப்படியில் செய்ய வேண்டியது

மாத்திரை சாப்பிடுகிறோமே என்று வாயைத் திறந்து விட்டுவிடலாமா? கூடாது. உணவும் நடையும் சேர்ந்தால்தான் கணக்குச் சரியாகும்.

கடையில் எண்ணெய்ப் போத்தலை எடுத்துப் பாருங்கள். 'கொலஸ்ட்ரோல் இல்லை' என்று போட்டிருக்கும். செடி கொடி மரத்திலிருந்து வரும் எந்த எண்ணெயிலும் கொலஸ்ட்ரோல் என்று சொல்லும்படியாக எதுவும் இருப்பதில்லை. கவனிக்க வேண்டியது வேறொன்று. உறைகிற கொழுப்பு என்று சொல்லலாம். அது கூடினால் ஈரலின் வாசல்கள் குறைந்துவிடும், இரத்தத்தில் எல்.டி.எல். ஏறிவிடும். நம் தோட்டங்களின் செம்பனை எண்ணெயில் இது ஏறக்குறைய பாதி. கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் வணிகத்துக்கென முதன்முதலாக நட்ட பயிர் அது. நமக்குச் சோறு போடுகிற பயிர். அதைப் பழிக்க எனக்கு மனமில்லை. ஆனால் சமையலில் அளவாக ஊற்ற வேண்டும். தேங்காய் எண்ணெயில் 80 விழுக்காட்டுக்கு மேல். நெய்யில் 60-க்கு மேல். நல்லெண்ணெயில் ஏறக்குறைய 15 மட்டுமே.

ஆகவே சில சிறிய மாற்றங்கள் சொல்கிறேன். தினமும் காலையில் ரொட்டி சானாய், நாசி லெமாக் என்பதை வாரத்தில் ஒரு நாளாக்குங்கள். மற்ற நாட்களில் இட்லி, தோசை, சப்பாத்தி போதும். பிரிக்பீல்ட்சில் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போனால் சோற்றைக் குறைத்து, பருப்பையும் காய்கறியையும் கூடக் கேளுங்கள். ஆட்டிறைச்சிப் பிரட்டலில் மேலே மிதக்கும் எண்ணெயை வழித்து ஒதுக்குங்கள். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள். குழம்புக்குத் தேங்காய்ப் பாலை ஒரு நாள் விட்டு ஊற்றினால் சுவை ஒன்றும் குடிமுழுகிப் போகாது. தே தாரிக்கைக் 'குராங் மானிஸ்' என்று சொல்லி வாங்கிப் பழகுங்கள். பருப்பு, பயறு, ஓட்ஸ், வெண்டைக்காய், கொய்யா ஆகியவற்றில் உள்ள நார் குடலிலேயே கொஞ்சம் கொழுப்பைப் பிடித்து வெளியே தள்ளிவிடும்.

சிகரெட்டை நிறுத்துவதற்கு இணையான மருந்து வேறில்லை. நாளுக்கு அரைமணி நேரம், மூச்சுச் சற்று வாங்கும்படி நடந்தால் போதும். வெளியே நடக்க வசதியில்லாத தாய்மார்கள் வீட்டு வாசலிலேயே நடக்கலாம்.

சகோதரிக்கு என் பதில்

நிறுத்தாதீர்கள். உங்கள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரையும் இருப்பதால் இன்னும் அதிகக் கவனம் வேண்டும். அடுத்த முறை கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போகும்போது நீங்களும் கூடவே போங்கள். டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: "இவருடைய எல்.டி.எல். எவ்வளவு? இவருக்கு எவ்வளவு இருக்கவேண்டும்? இந்த மாத்திரை போதுமா?" பதிலைக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பலர் மாத்திரையை வாங்கிவந்து அலமாரியில் அடுக்கிவிட்டு, டாக்டரிடம் "சாப்பிடுகிறேன்" என்று தலையாட்டுகிறார்கள். அந்த டாக்டர் எதை வைத்து முடிவு செய்வார், சொல்லுங்கள்!

மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. முப்பது வயதைத் தாண்டியவர்கள் ஒருமுறையாவது இரத்தம் எடுத்துப் பாருங்கள். தகப்பனார் அல்லது சகோதரருக்கு 55 வயதுக்கு முன்போ, தாயார் அல்லது சகோதரிக்கு 65 வயதுக்கு முன்போ மாரடைப்பு வந்திருந்தால், அதை டாக்டரிடம் தவறாமல் சொல்லுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளிதான். வருமானம் குறைந்த குடும்பங்களில் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு இலவசமாகப் பரிசோதனை செய்ய 2019-இல் அரசாங்கம் தொடங்கிய பெக்கா பி40 திட்டமும் உண்டு. தகுதி இருக்கிறதா என்று கிளினிக்கில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நடுநெஞ்சில் அழுத்தம், கை தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வேர்வை, மூச்சுத் திணறல் ஆகிய இவற்றில் எது வந்தாலும் வாயு என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் களைப்பும் வாந்தியுமாகக்கூட வரலாம். உடனே 999-ஐக் கூப்பிடுங்கள். தைலத்தைப் பிறகு தேய்த்துக்கொள்ளலாம்.

சென்ற தைப்பூசத்துக்கு மச்சானும் எங்களுடன் பத்துமலைக்கு வந்தார். படியேறவில்லை. கீழே முருகன் சிலையருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அக்காவும் நானும் மேலே போய்வந்து திருநீறு கொடுத்தோம். வாங்கிப் பூசிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்தார். மாத்திரை நேரம்.

"தண்ணி இருக்கா, வாத்தியாரே?" என்று கேட்டார். கொடுத்தேன்.

அவருடைய பழைய காகிதத்தின் பிரதி ஒன்று இன்னமும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. யாராவது காகிதத்தைக் கொண்டுவந்து, "சார், நார்மல்தானே?" என்று கேட்டால், அதை ஒருமுறை நினைத்துக்கொள்கிறேன். பிறகு, "நான்கு எண்களையும் சேர்த்துக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்" என்று மட்டும் சொல்கிறேன்.

அடுத்த இதழில் இரத்த அழுத்தத்தைப் பற்றிப் பார்ப்போம்.